நீலம் ஆகாத காடு

லுசாகா

கட்டியிருந்த பட்டையை அறுத்ததும் பேல் மூச்சுவிட்டதுபோல உப்பி எழுந்தது. அந்தச் சத்தத்தை முப்பது வருஷமாகத் திருப்பூரில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் லுசாகா சந்தையில் அன்று பிரிந்தது புதுத் துணி இல்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் யார் யாரோ உடுத்திக் கழித்த சட்டைகளும் கால்சட்டைகளும் 45 கிலோ கட்டாக வந்து இறங்கியிருந்தன. சுற்றி நின்ற பெண்கள் குனிந்து இரண்டு கையாலும் துழாவ ஆரம்பித்தார்கள். ஜாம்பியாவில் பழந்துணிக்குச் சலாவுலா என்று பெயர். பெம்பா மொழியில் அந்தச் சொல்லுக்குக் குவியலைக் கிளறிப் பொறுக்குவது என்று பொருள்.

நான் போனது தொழில் விஷயமாக. லுவாங்வா பள்ளத்தாக்கில் வேட்டை முகாம் நடத்துகிற ஒருவர் எங்கள் யூனிட்டில் உடுப்பு தைத்துத் தரக் கேட்டிருந்தார். வெளிநாட்டிலிருந்து வேட்டைக்கு வரும் விருந்தினர்களுக்குச் சட்டையும் ஜாக்கெட்டும். தடம் பார்ப்பவர்களுக்கும் முகாம் வேலையாட்களுக்கும் சீருடை. சாம்பிள் அனுப்பினால் போதும் என்றார்கள். துணி எங்கே உழைக்கப்போகிறதோ அந்த இடத்தைக் கண்ணால் பார்க்காமல் வெட்டுப் போடக் கூடாது என்பது அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்தது. அதனால் ஷேட் கார்டையும் பதினெட்டுத் துணித் துண்டுகளையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

லுசாகாவில் இருபது வருஷமாகக் கணக்கு வேலை பார்க்கும் கோபிச்செட்டிபாளையத்து அண்ணன் ஒருவர் என்னை நேராக இந்தச் சந்தைக்குத்தான் கூட்டிவந்தார். “ஏனுங் தம்பி, காட்டுக்குப் போறவன் புதுத்துணி போட்டுட்டுப் போகக் கூடாது. நல்லாத் துவைச்சு நைஞ்சது நாலு இங்கயே வாங்கிக்கோணும்” என்றார். பொறுக்கும்போது ஒரு டி-ஷர்ட் கையில் சிக்கியது. கழுத்துப் பட்டியில் இந்தியத் தயாரிப்பு என்று இருந்தது. திருப்பிப் போட்டுப் பக்கத் தையலைப் பார்த்தேன். நான்கு நூல் ஓவர்லாக், அக்குளில் ஒட்டிக்கொண்டிருந்த அரை அங்குல நூல் வால். எங்கள் பக்கத்துக் கைதான். பல்லடத்துச் சாலையில் ஏதோ ஒரு ஷெட்டில் இரவு ஷிப்டில் ஒரு பெண் ஓட்டிய தையலாக இருக்கும். அது எந்த ஊரிலோ நாலு வருஷம் உழைத்துவிட்டு இங்கே இரண்டாம் பிறவி எடுத்து வந்திருக்கிறது. கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. காஃபுவேயிலும் கப்வேயிலும் ஜாம்பியாவுக்குச் சொந்தமாக ஜவுளி ஆலைகள் இருந்தன. 1991-ல் ஆட்சி மாறி இறக்குமதிக் கதவைத் திறந்துவிட்ட பிறகு பழந்துணி வெள்ளம்போல வந்தது. அந்த ஆலைகளால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. நெசவை நம்பி வாழும் ஊரிலிருந்து வந்தவனுக்கு இந்தக் கணக்கு வயிற்றைப் பிசையாமல் இருக்காது.

சந்தை வாசலில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் சாம்பல் நிற சஃபாரி சூட்டில் போனார். ஆப்பிரிக்காவின் தெற்கு நாடுகளில் அதற்குக் கவுண்டா சூட் என்றே பெயர் என்று அண்ணன் சொன்னார். 1964-லிருந்து 1991 வரை ஜாம்பியாவின் அதிபராக இருந்த கென்னத் கவுண்டா கோட்டும் டையும் இல்லாமல் அந்த உடுப்பிலேயே உலகத் தலைவர்களைச் சந்தித்தார். கையில் எப்போதும் ஒரு வெள்ளைக் கைக்குட்டை. நம்மூரிலும் ஒரு காலத்தில் மாப்பிள்ளைக்கு சஃபாரி சூட் எடுக்காத கல்யாணம் குறைவு. என் பெரியப்பா பேங்க் வேலையில் சேர்ந்தபோது தைத்த சூட் இன்னும் பெட்டியில் இருக்கிறது. நாலு பாக்கெட், தோளில் பட்டை, இடுப்பில் பெல்ட். வேட்டைக்காரனுக்கென்று பிறந்த வெட்டு அது. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் காட்டில் ஒரு வேலை இருந்தது. இங்கே அண்ணனுடைய ஆலோசனை ஒன்றையும் சொல்ல வேண்டும். என் துணித் துண்டுகளில் ராணுவத் திட்டுத் திட்டு டிசைன் ஒன்று இருந்தது. பார்த்த மாத்திரத்தில் அதை எடுத்து வீட்டு அலமாரியில் பூட்டினார். ஜாம்பியாவில் பொதுமக்கள் அதை உடுத்துவது சட்டப்படி குற்றம். பக்கத்து ஜிம்பாப்வேயிலும் அப்படித்தான். வேட்டைக்கு வருகிற அமெரிக்கர்கள் பலர் தெரியாமல் அதைத்தான் முதலில் வாங்கி வருகிறார்களாம்.

கிழக்குப் பெருஞ்சாலை

லுசாகாவிலிருந்து கிழக்கே சிப்பாட்டா வரை 570 கிலோமீட்டர். வழியெல்லாம் குன்றுகள், கரிமூட்டைகள், செங்கல் வீடுகள். ஜூலை மாதம் அங்கே குளிர்காலம். வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. பாதி வழிக்கு முன்பே, இரும்பு வடங்கள் தாங்கி நிற்கும் பாலத்தில் லுவாங்வா ஆற்றைக் கடந்தோம். பாலத்தடியில் கருவாடு விற்கிறார்கள். நெத்திலியை நினைவூட்டும் கப்பெண்டா மீனை எண்ணெயில் மொறுமொறுவென்று வறுத்து, வெள்ளைச் சோள மாவில் கிளறிய நிஷிமாவோடு தந்தார்கள். மாவை உருட்டிக் கட்டைவிரலால் குழி போட்டு, அந்தக் குழியில் பூசணிக்கீரைக் கூட்டை அள்ளிச் சாப்பிட வேண்டும். கீரையில் வேர்க்கடலையைப் பொடித்துப் போட்டிருந்தார்கள். ராகிக் களியும் கீரைக் கடைசலும் சாப்பிட்டு வளர்ந்தவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஆற்றைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். இத்தனை நீளமான நதியின் குறுக்கே பெரிய அணை ஒன்றுகூட இல்லை. மழைக்காலத்தில் இஷ்டப்படி கரையை அறுத்துப் புதுப் பாதை போட்டுக்கொள்ளும். பழைய பாதை குட்டையாகித் தேங்கி நிற்கும். எங்கள் நொய்யல் வெள்ளைத் துணிக்கு என்ன சாயம் ஏறுகிறதோ அந்த நிறத்தில் ஓடிய நாட்கள் உண்டு. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோதுதான் பலருக்கு உறைத்தது. அந்தத் தொழிலில் நானும் இருக்கிறேன். லுவாங்வாவின் பழுப்புத் தண்ணீரில் முதலை தலையைத் தூக்கிப் பார்த்தபோது எனக்கு நொய்யல்தான் ஞாபகத்துக்கு வந்தது.

சிப்பாட்டா

சிப்பாட்டாவில் ஒரு ராத்திரி. கடைவீதியில் பாதிக்கு மேல் குஜராத்தி முஸ்லிம் குடும்பங்களின் கடைகள். ஒரு துணிக்கடைக்காரர் தாத்தா காலத்துக் கதையைச் சொல்லிக்கொண்டே எனக்குச் சிதெங்கே துணிகளை எடுத்துப் போட்டார். இரண்டு மீட்டர் அச்சுத்துணி. பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்கிறார்கள், குழந்தையை முதுகில் கட்டிக்கொள்கிறார்கள், சுமைக்குச் சும்மாடு ஆக்குகிறார்கள், துக்க வீட்டில் விரித்து உட்காருகிறார்கள். நம்முடைய பழைய சேலை செய்யாத வேலை எதுவும் அதில் இல்லை.

“நீலம் கொடுங்கள்” என்று நல்ல அவுரி நிறத்தில் ஒன்றைக் கேட்டேன். “வீட்டுக்கென்றால் எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்குக்கு உடுத்திப் போகாதீர்கள்” என்றார். ஏன் என்று அப்போது கேட்டுக்கொள்ளவில்லை. கிழக்கு ஆப்பிரிக்க வணிகச் சாத்துகளில் 19-ஆம் நூற்றாண்டில் பணத்துக்குப் பதில் துணிதான் ஓடியது. அமெரிக்காவிலிருந்து வெளுக்காத மெரிக்கானி, இந்தியாவிலிருந்து நீலம் தோய்த்த கனிக்கி. மேற்குக் கரையில் செனகல் பக்கம் புதுச்சேரி நீலத்துணிக்கு அத்தனை மவுசு. இப்படி ஆப்பிரிக்காவுக்கு நீலத்தை அனுப்பி வைத்த ஊர்க்காரன் என்ற பெருமையில் ஷேட் கார்டில் நீலத்துக்கு நான் ஒரு பக்கமே ஒதுக்கியிருந்தேன்.

ம்ஃபுவே

குன்றிலிருந்து இறங்கியதும் வெக்கை முகத்தில் அடித்தது. ம்ஃபுவே, குண்டா இன மக்களின் ஊர். பக்கத்தில் தெற்கு லுவாங்வா தேசியப் பூங்கா. நார்மன் கார் என்ற வெள்ளைக்கார வன அதிகாரி 1950-ல் இங்கேதான் ந்செஃபு தலைவரோடு பேசி, காட்டைப் பார்க்க மட்டும் ஆட்களை அழைத்து வந்து அதில் கிடைத்த பணத்தை ஊருக்குக் கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்தார். பூங்காவுக்குள் வேட்டை கிடையாது. வேட்டைக்கென்று பூங்காவைச் சுற்றித் தனிப் பகுதிகள் உண்டு. அங்கே ஊர்களும் இருக்கின்றன, மிருகங்களும் இருக்கின்றன.

ஒரு கடைத் திண்ணையில் மூன்று மிதி மிஷின்கள் கடகடத்துக்கொண்டிருந்தன. தையல்காரர்கள் மூவரும் ஆண்கள். என் பையிலிருந்து துணித் துண்டுகள் எட்டிப்பார்த்ததும் ஒரு பெரியவர் மிஷினை நிறுத்திவிட்டு, “தெலாலா?” என்று கேட்டார். டெய்லர் என்ற சொல் நியாஞ்சா நாக்கில் அப்படி ஆகியிருக்கிறது. ஆமாம் என்றதும் பெஞ்சில் இடம் விட்டார். வேட்டை முகாம்களின் கிழிசல் எல்லாம் சீசனில் அவரிடம்தான் வருகிறது. அதனால் எனக்கு வேண்டிய பாடப்புத்தகம் அவர்தான்.

எந்த இடம் முதலில் போகும் என்று கேட்டேன். வலது தோளைத் தொட்டார். துப்பாக்கி வார் அங்கே அறுக்கும். பிறகு கால்சட்டையின் முன்புறம், முழங்காலுக்குக் கீழே. முள் கிழிப்பது அங்கேதான். பிறகு பின்பக்கம், திறந்த லாரியின் இரும்புப் பலகையில் நாளெல்லாம் உட்கார்ந்து தேய்வது. கடைசியாகச் சட்டை பாக்கெட்டின் மேல் மூலை. கம்பெனிச் சட்டைகளில் முழங்கைக்குத்தான் ஒட்டுத்துணி வைத்து அழகுபடுத்தியிருப்பார்கள், அங்கே கிழிந்து தான் பார்த்ததே இல்லை என்றார். நான் கொண்டுபோயிருந்த மாதிரி ஜாக்கெட்டிலும் முழங்கையில் தோல் ஒட்டு இருந்தது. அதைப் பிரித்துத் தோளுக்கு மாற்ற அவருடைய கத்தரிக்கோலையே கடன் வாங்கினேன். வேலை முடிந்ததும் இரண்டு உள்ளங்கையையும் குழித்து மெல்லத் தட்டி “ஸிக்கோமோ” என்றார். நன்றி. சொல்ல வேண்டியவன் நானல்லவா. நானும் கை குழித்துத் தட்டினேன்.

முகாம்

விடியற்காலை நான்கரை மணிக்குத் தண்ணீர்ச் செம்பைக் கூடாரத்தின் முன்னால் வைத்துவிட்டுக் குரல் கொடுத்தார்கள். ஆப்பிரிக்கா என்றதும் வெயிலைத்தான் நினைத்திருந்தேன். ஜூலை அதிகாலையில் திறந்த லாரியில் போகும்போது பத்துப் பன்னிரண்டு டிகிரிக் குளிர் காது மடலை அறுக்கிறது. பத்து மணிக்குச் சட்டைக் கையை மடிக்கிறோம். மதியம் முப்பதைத் தொடுகிறது. ஆகவே ஒரே கனத்த கோட்டு இங்கே உதவாது. மெல்லிய பருத்திச் சட்டை, அதன்மேல் ஒரு கம்பளி, அதன்மேல் காற்றைத் தடுக்க ஒரு ஜாக்கெட். வெங்காயத் தோல்போல ஒவ்வொன்றாகக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு நடக்கிறார்கள்.

மோப்பனே காட்டுக்குள் நுழைந்து அரை மணி ஆகியிருக்காது. கழுத்தில் சூடான ஊசி இறங்கியது. பிறகு முதுகில், தொடையில். செட்சி ஈ. நம்மூர் மாட்டு ஈயை விடச் சற்றுப் பெரிது. உட்காரும்போது இறக்கை இரண்டையும் கத்தரிக்கோல்போல ஒன்றன்மேல் ஒன்று மடித்துக்கொள்கிறது. அடித்தாலும் நசுங்காது, உருட்டித்தான் கொல்ல வேண்டும். மாட்டுக்கு நகானா நோயையும் மனிதனுக்குத் தூக்க நோயையும் கொண்டுவருவது இதுதான். அன்று காலை நான் போட்டிருந்தது ஜீன்ஸ். லாரியில் இருந்த ஆறு பேரில் என் மேல்தான் பெரும்பங்கு ஈ மொய்த்தது. தடித்த ஜீன்ஸ் துணியையும் துளைத்துக் கடித்தது.

தடம் பார்க்கும் முதியவர் லாரியை நிறுத்தச் சொல்லி ஒரு மரத்தைக் காட்டினார். கிளையில் ஒரு துணிப் பலகை தொங்கிக்கொண்டிருந்தது. நடுவில் கறுப்பு, இரண்டு பக்கமும் பளீர் நீலம். செட்சி ஈக்கு வைத்த பொறி. தூரத்திலிருந்து நீலம் அதை இழுக்கும், கறுப்பில் வந்து உட்காரும், துணியில் ஏற்றிய மருந்து கொல்லும். என் கால்சட்டையையும் அந்தத் துணியையும் மாறி மாறிக் காட்டினார். வேறு எதுவும் சொல்லவில்லை. சிப்பாட்டாக் கடைக்காரர் சொன்னது அப்போதுதான் புரிந்தது. லாரியின் பின்புறம் ஒரு தகர டப்பாவில் காய்ந்த யானைச் சாணத்தைக் கொளுத்தி வைத்தார்கள். அந்தப் புகையில் கண் எரிந்தாலும் உடம்பு தப்பித்தது.

நீலத்துக்கு இன்னொரு குற்றமும் உண்டு. மானினங்களுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. நீலம் நன்றாகத் தெரியும். இதில் எங்கள் தொழிலும் மாட்டிக்கொள்கிறது. வெள்ளை வெளேரென்று இருக்கத் துணிக்கு டினோபால் மாதிரி வெளுப்பேற்றும் சரக்கு போடுகிறோம், சோப்புத்தூளிலும் அதுவே இருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பி அடிப்பதுதான் அந்தச் சரக்கின் வேலை. காக்கிச் சட்டையாகவே இருந்தாலும் அந்தத் தூளில் துவைத்தால் விடியல் வெளிச்சத்தில் மானுக்கு அது மினுங்கும். முகாமில் வெறும் கட்டி சோப்புதான் வைத்திருந்தார்கள்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு, முதியவரை ‘பம்போ’ என்று மரியாதையாக அழைத்து என் பதினேழு துணித் துண்டுகளையும் அவர் முன்னால் பரப்பினேன். அறுபது வயது இருக்கும். காலில் டயர் செருப்பு. தாராபுரம் சந்தையில் விற்பதேதான், வார் மட்டும் வேறு. நிறத்தைப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒரு முள்கிளையை ஒடித்து வந்தார். இலந்தை முள்ளைப் போல ஒன்று நேராகவும் ஒன்று கொக்கியாகவும் இருக்கும் முள். கிளையை முழங்காலுக்கிடையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டையும் அதன்மேல் வைத்து மெதுவாக இழுத்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நைலான் கலந்தது ‘ஷ்ர்ர்க்’ என்றது. அதை இடது பக்கம் போட்டார். பாலியஸ்டர் கலப்பும் இடது பக்கம். நான் பெருமையாகக் கொண்டுபோன, தண்ணீர் ஒட்டாத, சீக்கிரம் காயும் உயர் ரகம் மூன்றும் இடது பக்கம். கடைசியில் வலது பக்கம் இருந்தவை நாலு. சோமனூர்த் தறியில் ஓடிய சுத்தப் பருத்தி ட்ரில் இரண்டு, பாப்ளின் ஒன்று, பலமுறை துவைத்து வைத்திருந்த பழைய ட்வில் ஒன்று. முள் அவற்றைப் பிடித்தது, விட்டது, சத்தம் வரவில்லை. பிறகு என் தோளில் கிடந்த சலாவுலாச் சட்டையைத் தொட்டுப் பார்த்து, அதை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்.

மறுநாள் சத்தத்தின் விலையைப் பார்த்தேன். காட்டெருமைக் கூட்டத்தின் தடத்தில் மூன்று மணி நேரம் நடந்தோம். முன்னால் பம்போ, பிறகு துப்பாக்கியோடு வழிகாட்டி, வேட்டைக்கு வந்த வயதான மருத்துவர், சட்டப்படி உடன்வர வேண்டிய வனக் காவலர், கடைசியில் நான். பம்போ ஒரு பழைய காலுறையில் சலித்த சாம்பலை நிரப்பிக் கட்டி வைத்திருக்கிறார். நாலடிக்கு ஒருமுறை அதைத் தட்டினால் சாம்பல் எழுந்து காற்று எந்தப் பக்கம் என்று காட்டும். எருமைகள் எண்பது கஜத்தில் புல்லில் படுத்திருந்தன. மூச்சு விடும் சத்தம் கேட்டது. மருத்துவர் கண்ணாடியை எடுக்கச் சட்டைப் பாக்கெட்டைத் திறந்தார். அது வெல்க்ரோ. தாளைக் கிழித்ததுபோல ஒரு சத்தம். அடுத்த நொடி புழுதி மட்டும்தான் இருந்தது. யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்: காஜாவும் பட்டனும் மட்டும், பட்டன் கொம்பு அல்லது தேங்காய்ச் சிரட்டை.

எருமைகள் தப்பித்தது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. உயிரைச் சுட்டு வீழ்த்த என் மனம் ஒப்பாது. ஆனால் இங்கே வந்து பார்த்த பிறகு இதை ஒரே வரியில் தள்ளிவிடவும் முடியவில்லை. 2013-ல் ஜாம்பியா வேட்டையை நிறுத்தியது, அடுத்த ஆண்டே பெரும்பாலான மிருகங்களுக்குத் தடையை விலக்கியது. உரிமக் கட்டணத்தில் பாதி ஊர்ச் சபைகளுக்குப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. இறைச்சி முழுக்க ஊருக்கும் முகாமுக்கும்தான். யானை வந்து சோளக்காட்டை ஒரே ராத்திரியில் அழித்துவிடுகிற ஊரில் அந்தப் பணமும் இறைச்சியும் என்ன என்பது அங்கே குடியிருப்பவருக்குத்தான் தெரியும்.

அந்த நடையில்தான் பூனைக்காலியையும் பார்த்தேன். நம் வேலியோரத்துக் கொடியேதான். நியாஞ்சாவில் சிதெட்ஸே. ஜூலையில் காய் முற்றிச் சுனை காற்றில் பறக்கும். பட்டால் உடம்பெல்லாம் தீயாகும். அரைக்கால் சட்டை அணிந்து புகைப்படத்தில் நிற்கும் பழைய வேட்டைக்காரர்களை நினைத்துக்கொண்டேன். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் ஆப்பிரிக்க வெயில் முதுகுத்தண்டை உருக்கிவிடும் என்று பயந்து முதுகில் பஞ்சுப்பட்டை வைத்துத் தைத்துக்கொண்டார்கள், தலையில் நெட்டித் தொப்பி கவிழ்த்தார்கள். நைரோபியில் அவர்களுக்கெல்லாம் உடுப்பு தைத்துக் கொடுத்துப் பெயர் வாங்கியவர்கள் அகமது பிரதர்ஸ் என்ற இந்தியத் தையல்காரர்கள். காக்கியே நம் பக்கத்துச் சரக்குதான். உருதுவில் அதற்குப் புழுதி நிறம் என்று பொருள். 1840-களில் பெஷாவர்ப் படையில் உடுப்பானது. 1850-களில் மங்களூர் பாசல் மிஷன் நெசவாலையில்தான் காக்கிச் சாயம் பிறந்தது என்று அந்த ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் நம் போலீஸ் காக்கி லுவாங்வாவுக்கு மஞ்சள் கூடுதல். நான் ஷேட் கார்டை விரித்து ஆற்றங்கரை மண்ணிலும் மோப்பனே சருகிலும் வைத்து வைத்துப் பார்த்தேன். சாம்பல் ஓடிய பழுப்பும், காய்ந்த ஆலிவ் பச்சையும்தான் நிலத்தோடு ஒட்டின.

முகாமின் பின்பக்கம் துவைக்கும் இடம். அங்கே இருந்த இளைஞர் கரி இஸ்திரிப் பெட்டியைத் திறந்து கங்குகளை ஊதிக்கொண்டிருந்தார். தள்ளுவண்டியும் வேப்பமர நிழலும் இருந்தால் எங்கள் தெருமுனைதான். துண்டு, காலுறை, உள்ளாடை எதையும் விடாமல் தேய்த்தார். காலுறைக்கு எதற்கு இஸ்திரி என்று கேட்டேன். ஈரத்துணி வெளியே காயும்போது புட்ஸி என்ற ஈ அதில் முட்டை இடும். அந்தத் துணியை உடுத்தினால் புழு தோலுக்குள் இறங்கிக் கட்டியாக வளரும். சூடு பட்டால் முட்டை சாகும். இடுப்புப் பட்டியிலும் தையல் மடிப்பிலும்தான் முட்டை ஒளிந்துகொள்ளும் என்று ஒரு கால்சட்டையைப் புரட்டிக் காட்டினார். உள்ளே ஓவர்லாக் போட்ட தடித்த ஓரம். “இது கஷ்டம்” என்றார். மடித்துத் தட்டையாக இரட்டைத் தையல் போட்டதைக் காட்டி, “இது ஒரே இழுப்பு” என்றார். ஒவ்வொரு சட்டையிலும் அரை நிமிஷத் தையல் கூடும். அந்த இளைஞர் ஒரு நாளில் தேய்ப்பது எழுபது உருப்படி. எல்லா ஓரத்தையும் தட்டைத் தையலாக்க அங்கேயே முடிவு செய்தேன்.

மூன்றாம் நாள் சாலை வெட்டும் ஆட்களைப் பார்த்தேன். மழையில் அழிந்த வண்டித்தடங்களை ஒவ்வொரு ஆண்டும் புதுசாக வெட்டுவது இவர்கள்தான். எட்டுப் பேர் கோடரியோடு செட்சிக் காட்டின் நடுவே வேலை செய்தார்கள். எட்டுப் பேர் உடம்பிலும் நீல ஓவரால். ஜாம்பியா முழுக்கக் கூலிக்காரர் உடுப்பு அதுதான், விலையில் மலிவு அதுதான். ஒருவர் கோடரியை ஒரு கையில் பிடித்து மறு கையால் முதுகில் அடித்துக்கொண்டே இருந்தார். அவர் முதுகில் பதினொரு ஈக்களை எண்ணினேன். எனக்கு வந்த ஆர்டர் தாளில் அவர்களுக்கான வரி இப்படித்தான் இருந்தது: ஓவரால், நீலம், மலிவுத் துணி. நான்தான் நல்ல நீலமாகப் பார்த்து எடுத்துவைத்தவன்.

அன்று இரவு தீயைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது முகாம் உரிமையாளரிடம் பேசினேன். ஒரு பொறி பறந்து என் பாலியஸ்டர் ஜாக்கெட்டில் விழுந்து உருகி ஓட்டை போட்டது, பக்கத்தில் பம்போவின் பருத்திச் சட்டையில் விழுந்தது கறுத்து உதிர்ந்துபோனது. உரிமையாளரும் அதைப் பார்த்தார். விருந்தினருக்கு ஒரு துணி, தடம் பார்ப்பவருக்கு ஒரு துணி, கோடரி பிடிப்பவருக்கு ஒரு துணி என்று மூன்றாக வாங்குவதை விட்டு, ஒரே துணியை மொத்தமாகச் சாயமேற்றினால் மீட்டருக்கு என்ன குறையும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். மீதி வித்தியாசத்தில் பாதியை என் லாபத்திலிருந்து கழித்துக்கொள்கிறேன் என்றேன். அவர் நெருப்பைக் கிளறிவிட்டு, எல்லாருக்கும் சட்டை வேறு கால்சட்டை வேறாக வருமா என்று கேட்டார். வரும் என்றேன்.

திரும்பும் வழி

காட்டை விட்டு வெளியேறும் மண்சாலையில் ஒரு தடுப்புக் கட்டை. சீருடைக்காரர் ஒருவர் சின்ன வலையோடு வண்டியைச் சுற்றி வந்து, சக்கரத்துக்கு மேலும் சீட்டுக்கு அடியிலும் செட்சி ஈ ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து மருந்து அடித்தார். மாடு வளர்க்கும் ஊர்களுக்கு ஈ போய்விடக் கூடாது. என் பையைத் திறந்தபோது அந்த ஜீன்ஸ் மேலே கிடந்தது. அதைப் புரட்டி உதறிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

லுசாகாவில் அண்ணன் வீட்டு அலமாரியிலிருந்து ராணுவத் துணித் துண்டை எடுத்துக்கொடுத்தார். கத்தரித்துக் குப்பையில் போட்டேன்.

ஊர் வந்து சேர்ந்ததும் சோமனூரில் பாவு ஓட்டினோம். சுத்தப் பருத்தி ட்ரில், கால்சட்டைக்கு 240 ஜிஎஸ்எம். சட்டைக்கு அதில் பாதிக்குச் சற்றுக் கூடுதலான பாப்ளின். வெளுப்புச் சரக்கு போடாமல் சாயம். அனுப்புவதற்கு முன் மூன்று முறை துவைப்பு. தோளில் இரட்டைத் துணி, முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் இரட்டைத் துணி, ஓரமெல்லாம் தட்டைத் தையல், சிரட்டைப் பட்டன். விருந்தினர் சட்டையும் பம்போவின் சட்டையும் சாலை வெட்டுகிறவர் சட்டையும் ஒரே தானிலிருந்து வெட்டப்பட்டவை. எட்டுப் பேரின் அளவையும் நானே நாடா வைத்து எடுத்து வந்திருந்தேன்.

நீங்கள் அந்தப் பள்ளத்தாக்குக்குப் போவதாக இருந்தால், துப்பாக்கியோடு போனாலும் வெறும் கண்ணோடு போனாலும், நீலத்தையும் கறுப்பையும் வீட்டில் விட்டுச் செல்லுங்கள். நாலைந்து முறை துவைத்த, மண் நிறத்துப் பருத்தி மூன்று செட் போதும், முகாமில் தினமும் துவைத்துத் தேய்த்துத் தருகிறார்கள். கிளம்புகிற நாளில், முன்னால் நடந்து தடம் காட்டியவர் காலுக்கு உங்கள் பூட்ஸ் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவருக்கே கொடுத்துவிட்டு வாருங்கள்.